வீட்டு இணைய வேகம் எங்கே குறைகிறது: மடை மடையாக அளந்து கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கவுந்தப்பாடிக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக உயர்த்தி, மூன்று மாதங்கள் கூடுதல் பணம் கட்டிய பிறகும், வேகச் சோதனையில் காலையிலும் நள்ளிரவிலும் 94 என்ற ஒரே எண்தான் வந்துகொண்டிருந்தது. புகார் கொடுத்ததும் வந்த இளைஞர் தன் மடிக்கணினியை ஓஎன்டி பெட்டியில் (வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை வீட்டில் வந்து முடியும் பெட்டி) நேராக மாட்டி அளந்துவிட்டு, "லைன்ல ஒரு குறையும் இல்லீங்ண்ணா, 200 முழுசா வருதுங்க. உங்க ரவுட்டரை மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரவுட்டரையும் மாற்றினேன். அப்போதும் 94 தான். குறை கடைசியில் பரணில் கிடைத்தது. ஓஎன்டியிலிருந்து ஆசாரத்து (முன்கூடத்து) ரவுட்டருக்குப் பரண் வழியாகப் போன லேன் ஒயரின் மேலுறையை எலி கடித்திருந்தது. உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி ஒன்று மட்டும் அறுந்திருந்தது. பத்து ரூபாய்க் கம்பிக்காக ஒரு புது ரவுட்டரும் மூன்று மாதக் கூடுதல் கட்டணமும் போயின.

அந்த 94 என்ற எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பரணில் ஏறியிருப்பேன். வேகக் குறைவு பெரும்பாலும் இப்படித் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு நமக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அவ்வளவே. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. பவானிசாகரிலிருந்து கரூர் எல்லை வரை 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போனாலும், ஒருவர் வயலுக்கு வருவது அவருடைய மடை விடும் அளவுதான். இணையத்திலும், எங்கோ உள்ள சர்வரிலிருந்து உங்கள் கைப்பேசி வரையுள்ள பாதையில், அந்த நேரத்தில் எந்தத் துண்டு மிகக் குறுகலோ அதுவே முழுப் பாதையின் வேகம். வேறொரு துண்டை அகலமாக்குவதால் ஒரு பயனும் இல்லை. ஆகையால் வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி வெளியே போய், ஒவ்வொரு துண்டையும் தனியே அளப்பதுதான் இங்கே நான் சொல்லப்போகும் முறை.

முதலில் எண்களைச் சரியாகப் படியுங்கள்

திட்டத்தில் உள்ள 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். பதிவிறக்கம் செய்யும்போது கணினி காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் அதுதான் முழு வேகம். 1 ஜிபி கோப்பு இறங்க 80 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். கணினியில் 11 அல்லது 12 என்று பார்த்துவிட்டு "நூறுக்குக் காசு கட்டினால் பன்னிரண்டுதான் வருகிறது" என்று வருந்துகிறவர்களின் இணைப்பில் குறை எதுவும் இல்லை.

படி 1: ஒயரில் மாட்டி அளவெடுங்கள்

வைஃபையில் எடுத்த அளவை வைத்து வெளி இணைப்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. மடிக்கணினியை லேன் ஒயரால் ஓஎன்டி அல்லது ரவுட்டரில் நேராக மாட்டுங்கள். வீட்டில் உள்ள மற்றக் கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, காலை 6 மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை என மூன்று நாட்கள் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே சோதனைத் தளத்தை நம்பிவிடாதீர்கள். பல தளங்களில் தானாகத் தேர்வாகும் சர்வர், இணைப்புத் தரும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். ஆகவே அது காட்டுவது உங்கள் வீட்டுக்கும் அவர்களுடைய நிலையத்துக்கும் இடைப்பட்ட வேகம் மட்டுமே. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களோடு அளக்கிறது. சோதனையில் சென்னை, மும்பை, சிங்கப்பூர் எனத் தொலைவிலுள்ள சர்வர்களையும் நாமே தேர்ந்து அளந்தால் வேறுபாடு தெரியும்.

இந்த மூன்று நாள் தாளே பாதி விடையைத் தந்துவிடும். எல்லா நேரமும் ஒரே எண்ணில் நின்றால் ஏதோ ஒரு கருவியோ ஒயரோ வரம்பு வைக்கிறது. இரவில் மட்டும் சரிந்தால், பலர் பகிர்ந்துகொள்ளும் வெளி இணைப்பில் நெருக்கடி. அருகிலுள்ள சர்வரில் முழுதாக வந்து, தொலைவில் மட்டும் குறைந்தால் வீட்டில் தேடிப் பயனில்லை.

படி 2: 94 என்ற எண்ணைக் கண்டால்

லேன் ஒயரில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு (லேன் ஒயரில் கருவிகள் பேசும் முறை) ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸுக்கு, நான்கு இணைகளும் வேண்டும். நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஒரு கம்பி அறுந்தாலும், கிளிப்பில் சரியாகக் கடிபடாவிட்டாலும், இரு முனைக் கருவிகளும் பெரும்பாலும் தமக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, விளக்கும் எரியும், ஆகையால் யாருக்கும் ஐயம் வருவதில்லை. இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் (பாக்கெட்) போகிறது; 100-இல் ஓடும் ஒயரில் ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்புத் தகவல்களும் இடைவெளியும் போக மிஞ்சுவது 94 அல்லது 95 தான். 100-க்கு மேற்பட்ட திட்டம் எடுத்த ஒருவருக்கு எந்நேரமும் 94 வந்தால் ஒயர், போர்ட், பழைய ரவுட்டர் ஆகிய மூன்றையும் தவிர வேறு எதையும் முதலில் பார்க்க வேண்டியதில்லை. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் உறையில் 1200 என்று அச்சிட்டிருந்தாலும் லேன் போர்ட்டுகள் 100 மட்டுமே. அந்த 1200 என்பது வைஃபையின் ஏட்டுக் கணக்கு.

கணினியில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். பார்க்க அரை நிமிடம் போதும்.

படி 3: வைஃபை

என் அனுபவத்தில் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. கைப்பேசி பிடிக்கும் வைஃபை அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்பதை முதலில் பாருங்கள். 2.4-இல் வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரே ஆண்டெனா உள்ள வைஃபை 4 (பழைய தலைமுறை) கைப்பேசிக்கு ஏட்டு வேகமே 72 எம்பிபிஎஸ். கைக்கு வருவது 40, 50. அந்தக் கைப்பேசிக்கு 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தாலும் அந்த 50 தான். 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆண்டெனாக்களும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமும் கொண்ட வைஃபை 5 கருவிக்கு ஏட்டு வேகம் 867. அதில் பாதிக்கு மேல் கிடைத்தால் நல்ல நிலை. பாதி குறைவதற்குக் காரணம், வைஃபையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது. ரவுட்டர் பேசும்போது கைப்பேசிகள் காத்திருக்க வேண்டும். பேசியது சேர்ந்ததா என்ற ஒப்புகைக்கும் நேரம் போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, மெதுவான கருவி மற்ற எல்லோருடைய நேரத்தையும் தின்கிறது என்பது. பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) நின்று மங்கலான சிக்னலில் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் பழைய கைப்பேசி, ஒரு 1500 பைட் பொட்டலத்தை அனுப்ப 2 மில்லி விநாடி எடுக்கிறது. ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்து 600-இல் பேசும் மடிக்கணினிக்கு அதே பொட்டலத்துக்கு 0.02 மில்லி விநாடி போதும். அந்தக் கைப்பேசியில் காணொளி ஓடும்போதெல்லாம் மடிக்கணினியின் வேகம் சரிவது இதனால்தான்.

நம் ஊர்ப் பழைய வீடுகள் வைஃபைக்குக் கடினமானவை. தொட்டிக்கட்டு வீடுகளில் ஒன்றரை அடி கனத்தில் கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய சுவர்களைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போவது அரிது, 2.4 போகும், மெலிந்து போகும். ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலோ, தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலோ, டிவிக்குப் பின்னாலோ வைத்தால் இன்னும் மெலியும், ஏனெனில் இரும்பு அலையைத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் அதை உறிஞ்சுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.4-ஐ ஒட்டிய அலைவரிசையில்தான். கைப்பேசியில் சிக்னல் அளவு காட்டும் செயலி ஒன்றை நிறுவி அறை அறையாக நடந்து பாருங்கள். -50 அருகே இருந்தால் மிக நன்று. -67 வரை பிழையில்லை. -75-க்குக் கீழே போனால் அந்த அறையில் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வீடுகள் நெருங்கிய திருப்பூர், ஈரோடு, காந்திபுரம் போன்ற இடங்களில் சுவரைவிடப் பக்கத்து வீட்டு ரவுட்டர்களே பெரிய தடை, 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே.

ரிப்பீட்டர் வாங்கிச் சுவரில் செருகுவது பலரும் செய்யும் தீர்வு. ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அறை வரை ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பதே நிலைத்த தீர்வு. லேன் ஒயருக்கு 100 மீட்டர் வரம்பு உண்டு. வீட்டிலிருந்து தோட்டத்துச் சாளைக்கோ மோட்டார் அறைக்கோ மேலே தொங்கவிட்டு லேன் ஒயர் இழுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐப்பசி இடியில் அந்தச் செப்புக் கம்பி வழியே பாயும் மின்னதிர்ச்சி இரு முனைப் பெட்டிகளையும் எரித்துவிடும். அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி இழையும் இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டரும்தான் (ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி) பொருத்தம்.

படி 4: வீட்டுக்கு வரும் கம்பி எந்த வகை என்று பாருங்கள்

பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்சம் 24 எம்பிபிஎஸ்; அதுவும் தொலைபேசி நிலையத்துக்கு மிக அருகில் இருந்தால்தான். கம்பி நீள நீளச் சிக்னல் தேய்ந்து, மோடம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உண்மையான கடைமடைத் துன்பம் அதுதான்: நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தோட்டத்துக்கு எந்தத் திட்டமும் வேகத்தைக் கூட்டித் தராது.

கண்ணாடி இழையில் அப்படியில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "நிலையத்திலிருந்து வீடு தூரம், அதனால் வேகம் குறைவு" என்று இழை இணைப்பு வைத்திருப்பவர்களிடமும் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், நம்மிடம் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒளி 20 கிலோமீட்டர் வரை போகும். 2 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்கும் 15 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்கும் ஒரே வேகம்தான். ஒளி போதிய அளவு வந்தால் முழு வேகம். வரம்புக்குக் கீழே போனால் பிழைகள், பொட்டல இழப்பு, பிறகு சிவப்பு விளக்கு. இடைநிலை மிகக் குறுகியது.

அந்த ஒளியின் அளவை நீங்களே பார்க்கலாம். உலாவியில் 192.168.1.1 அல்லது ஓஎன்டியின் அடியில் ஒட்டியுள்ள முகவரியைத் திறந்து, ஆப்டிக்கல் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவைப் பாருங்கள். டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு இருக்கும். கணக்கு எளிது. நிலையத்தில் +3 அளவில் கிளம்பும் ஒளி, பத்து கிலோமீட்டர் இழையில் சுமார் 3 டெசிபல் இழக்கும். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் 21 டெசிபல் போகும். இணைப்பிகளில் 2 போகும். வீட்டுக்கு வருவது -23. பெரும்பாலான ஓஎன்டிகளின் கடைசி வரம்பு -27. ஆகவே -15 முதல் -24 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். -26-ஐத் தொட்டால் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று பொள்ளாச்சியிலிருந்து பல்லடம், தாராபுரம் வரை கம்பங்களில் தொங்கும் இழையை ஓயாமல் ஆட்டுகிறது. தென்னை மட்டை விழுந்து இழுபட்ட டிராப் ஒயர் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இழை), கிளாம்பில் கூர்மையாக மடங்கினால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். வீட்டுக்குள் மஞ்சள் நிறப் பேட்ச் கார்டை (ஓஎன்டியில் மாட்டும் சிறு இழை) ஆணியில் இறுக்கிச் சுற்றுவதாலும் இதே கேடுதான். இழையை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகத் தளர்வாக விடுங்கள். கழற்றிய முனையை விரலால் தொடாதீர்கள். தூசி ஒட்டினாலே ஒளி குறையும். அந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

சில சிற்றூர்களில் உள்ளூர்க் கேபிள்காரர்கள் தெரு வரை இழையும், கம்பத்துப் பெட்டியில் ஒரு சுவிட்சும், அங்கிருந்து வீடுகளுக்கு லேன் ஒயரும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், சுவிட்சுக்கு வேண்டும். வீட்டில் யுபிஎஸ் இருந்தும் மின்தடையின்போது இணையம் போய்விட்டால் உங்களுடையது இந்த அமைப்பாக இருக்கலாம், 94-க்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

படி 5: இரவில் மட்டும் குறைந்தால்

ஜிபானில் ஒரு இழையின் வேகம் கீழ்நோக்கி (வீட்டுக்கு வரும்போது) 2,488 எம்பிபிஎஸ், மேல்நோக்கி (வீட்டிலிருந்து போகும்போது) 1,244. அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 64 வீடுகளும் ஒரே நொடியில் முழுமூச்சாக இறக்கினால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இறக்குவதில்லை என்பதால், இந்தப் பங்கீடு நடைமுறையில் பெரும்பாலும் தாங்குகிறது. மேல்நோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு ஓஎன்டிக்கும் நிலையம் நேரம் ஒதுக்கி, முறைத் தண்ணீர் விடுவதைப் போல ஒருவர் பின் ஒருவராகப் பேச விடுகிறது. நெருக்கடி பெரும்பாலும் அதற்கு மேலே, நிலையத்திலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் போகும் பெரிய இணைப்பை நிறுவனம் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதில் இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. மூன்று நாள் தாள் இருந்தால், திட்டத்தை உயர்த்துவதற்குப் பதில் நிறுவனத்தை மாற்றலாமா என்று முடிவெடுக்க முடியும்.

மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால் எஃப்யுபி வரம்பை (மாதத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தக்கூடிய அளவு) பாருங்கள். வரம்பற்றது என்று விற்கப்படும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி போன்ற எல்லை உண்டு. சிறிய திட்டங்களில் அதைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் வேகம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பிராட்பேண்ட் என்று அழைப்பதற்கான குறைந்தபட்ச வேகமே 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது என்பதால், அந்த ஒற்றை இலக்கமும் 2-க்குக் குறையாத வரை வரையறைக்கு உட்பட்டதே.

படி 6: வேகம் இருந்தும் பக்கங்கள் தாமதமாகத் திறந்தால்

இதுவே புரிந்துகொள்ளச் சற்றுக் கடினமானது, ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான். இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கோவையிலிருந்து 500 கிலோமீட்டரில் உள்ள சென்னைக்குப் போய்வர ஒளிக்கு மட்டும் 5 மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர்; போய்வர 32. அமெரிக்காவிலுள்ள சர்வருக்குப் போய்வர 200-ஐத் தாண்டிவிடும். எந்தத் திட்டமும் ஒளியின் வேகத்தைக் கூட்டாது.

திருப்பூரில் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை செய்யும் என் பெரியப்பா மகன், வெளிநாட்டு வாடிக்கையாளரின் தளம் மட்டும் மெதுவாகத் திறக்கிறது என்று 1000 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாற இருந்தார். அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு சர்வர் புதிய இணைப்பில் முதலில் 10 பொட்டலங்கள் அனுப்பி, ஒப்புகை வந்த பிறகு 20, பிறகு 40 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 1 மெகாபைட் பக்கம் என்பது ஏறத்தாழ 700 பொட்டலங்கள். பொட்டலம் போய் ஒப்புகை வருவதை ஒரு சுற்று என்று கொண்டால், அது வந்து சேர ஏழு சுற்றுகள் வேண்டும். இணைப்பை ஏற்படுத்தவும் பாதுகாப்புக் குறியாக்கத்துக்கும் இரண்டு சுற்றுகள். ஆக ஒன்பது சுற்று, ஒவ்வொன்றும் 200 மில்லி விநாடி, மொத்தம் 1.8 விநாடி. 100 எம்பிபிஎஸ் திட்டத்திலும் 1.8 தான், 1000 திட்டத்திலும் 1.8 தான், குழாய் நிரம்புவதற்குள் பக்கமே முடிந்துவிடுகிறது. யூடியூப் மட்டும் உடனே ஓடுவது ஏன் என்று கேட்டார். அதன் காணொளிகளின் நகல்கள் நம் நாட்டிலேயே, பல வேளைகளில் இணைப்பு நிறுவனத்தின் நிலையத்திலேயே சேமித்து வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அவர் திட்டத்தை மாற்றவில்லை.

பொட்டல இழப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆயிரத்துக்கு ஒரு பொட்டலம் தொலையும் பாதையில், போய்வரும் நேரம் 50 மில்லி விநாடியாக இருந்தால், இழப்பைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பழைய முறையில் ஒரு தனி ஓட்டத்துக்கு (ஒரே இணைப்பில் நடக்கும் பரிமாற்றம்) சுமார் 9 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். புதிய முறைகள் கொஞ்சம் மேல். வேகச் சோதனைகள் பல ஓட்டங்களை ஒன்றாக ஓட்டுவதால் இந்தக் குறை அவற்றில் மறைந்துவிடும். பொட்டலம் போய்வரும் நேரத்தையும் இழப்பையும் காட்டும் பிங் கட்டளையைக் கணினியில் ரவுட்டருக்கு ஒன்று, வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு ஒன்று என இரண்டு சாளரங்களில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதலாவதிலேயே இழப்பு இருந்தால் குறை வீட்டுக்குள். இரண்டாவதில் மட்டும் இருந்தால் வெளியே.

அதே பிங்கை ஓடவிட்டு ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிப் பாருங்கள். 15 மில்லி விநாடியாக இருந்தது 300, 400 என்று ஏறினால், ரவுட்டரின் வரிசையில் பொட்டலங்கள் தேங்கி நிற்கின்றன. களத்துக்கும் கேட்டுக்கும் வைத்த சிசிடிவி கேமராக்கள் மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) இடைவிடாமல் அனுப்பும் வீடுகளில், பிள்ளைகளின் இணைய வகுப்பு தடைபடுவது பெரும்பாலும் இதனால்தான். கேமராவின் தரத்தைக் குறையுங்கள், அல்லது ரவுட்டரில் பதிவேற்ற வேகத்தை, அளந்து கண்டதில் 85 விழுக்காட்டுக்கு வரம்பிடுங்கள்.

படி 7: புகாரை எழுதும் முறை

"நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். தேதி, நேரம், ஒயரில் எடுத்த வேகம், சோதித்த சர்வரின் ஊர், ஓஎன்டியில் கண்ட ஒளி அளவு, பிங்கில் கண்ட இழப்பு ஆகிய ஆறையும் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் மேல்முறையீடு செய்ய இயலாது. 2012-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையின்படி புகார் மையத்துக்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். கம்பம் ஏறி வரும் தம்பியிடம் கோபப்படாதீர்கள். அவரிடம் அந்தத் தாளைக் காட்டி, உங்கள் ஒயரில் ஒரு முறையும் அவருடைய ஒயரில் ஒரு முறையும் அவர் இருக்கும்போதே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.